கருத்து எழுதிக் கொடுத்த வக்கீலுக்கும் பொறுப்பு உண்டா?

கேள்வி: 3 ஜூன், காலை

அடித்தவன் மேல் வழக்குப் போடுங்கள், அடிக்கச் சொன்னவன் மேலும் போடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2002ல் கைதிகளைக் கடுமையாக வதைத்து விசாரிக்கலாம் என்று கருத்து எழுதிக் கொடுத்த அமெரிக்க அரசாங்க வக்கீல்கள் ஜான் யூவும் ஜே பைபீயும் யாரையும் தொட்டதுகூட இல்லை. "இது சட்டப்படி செல்லுமா?" என்று உளவு அமைப்பான சிஐஏ கேட்டது, அவர்கள் தங்களுக்குப் பட்டதைச் சொன்னார்கள். தப்பான கருத்துக்குத் தண்டனை என்று ஆரம்பித்தால் நாளைக்கு எந்த வக்கீல் அரசாங்கத்துக்குக் கருத்துச் சொல்ல வருவார்?

பதில்: 3 ஜூன், மாலை

தப்பான கருத்து வேறு, கேட்டவருக்கு வேண்டிய கருத்து வேறு. இங்கே நடந்தது இரண்டாவது என்பதுதான் என் கட்சி. முதலில் அந்தக் காகிதங்களில் என்ன இருந்தது என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்க நீதித்துறையில் (நீதிமன்றங்கள் அல்ல, நீதி அமைச்சகம்) சட்ட ஆலோசனை அலுவலகம் என்று ஒன்று உண்டு. நிர்வாகத்துக்குள் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதில் அது சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதை நம்பி நடந்த அதிகாரி மேல் பிறகு அதே துறை குற்றவழக்குப் போடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். 2002 ஆகஸ்ட் 1 அன்று அங்கிருந்து இரண்டு குறிப்புகள் போயின. கையெழுத்து அலுவலகத் தலைவர் பைபீயுடையது. எழுதியதில் பெரும்பங்கு அவருக்குக் கீழே இருந்த யூவுடையது.

முதல் குறிப்பு வெள்ளை மாளிகை வழக்கறிஞர் அல்பர்ட்டோ கொன்சாலஸுக்கு. சித்திரவதை என்றால் என்ன என்பதற்கு அதில் ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். உறுப்புச் செயலிழப்பு, உடலியக்கம் கெடுதல், மரணம் இவற்றோடு வரும் வலிக்குச் சமமாக இருந்தால்தான் அது சித்திரவதை. மனத்துக்கு நேரும் கேடு என்றால் மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ நீடிக்க வேண்டும். இந்த அளவுகோலை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? மருத்துவச் செலவுக்குப் பணம் தரும் சட்டங்களில் "அவசர சிகிச்சை" எது என்று விளக்கும் பிரிவிலிருந்து. யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கலாம் என்பதற்காக எழுதிய வரி அது. அதை எடுத்து, ஒரு மனிதனை எவ்வளவு தூரம் வதைக்கலாம் என்பதற்கு வைத்தார்கள்.

இரண்டாவது குறிப்பு சிஐஏ வழக்கறிஞர் ஜான் ரிஸோவுக்கு. ஒரே ஒரு ஆளைப் பற்றியது. அபு ஜுபைதா, அல் காயிதாவின் பெரிய ஆள் என்று 2002 மார்ச்சில் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் பிடிபட்டவர். சிஐஏ பத்து முறைகளுக்கு அனுமதி கேட்டது. கன்னத்தில் அறைவது, சுவரில் மோதுவது, பெட்டிக்குள் அடைப்பது, தூங்கவிடாமல் வைப்பது, கடைசியில் வாட்டர்போர்டிங். குறிப்பைப் படித்தால் சமையல் குறிப்பு போல அளவுகள் வரும். வாட்டர்போர்டிங் என்றால், துணியை மூக்கின் மேலும் வாயின் மேலும் போட்டு, 12 முதல் 24 அங்குல உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், 20 முதல் 40 நொடி வரை மூச்சு அடைபடும். தூக்கம் ஒரே தடவையில் 11 நாளுக்கு மேல் கெடுக்கப்படாது. அவருக்குப் பூச்சி என்றால் பயமாம், அதனால் பெட்டிக்குள் கம்பளிப்பூச்சி மாதிரி தீங்கில்லாத ஒன்றை விடலாமா என்று ஒரு கேள்வி, அதற்கும் ஒரு சட்டப் பதில். பூச்சியைக் கடைசிவரை விடவில்லை என்றாலும், ஒரு நாட்டின் நீதித்துறை அதற்குப் பத்தி ஒதுக்கி எழுதியிருக்கிறது.

பத்துக்கும் அனுமதி கிடைத்தது.

3 ஜூன், இரவு

ஒன்று விட்டுப்போனது. திரும்பத் திரும்பச் செய்வது அதிகம் இருக்காது என்று சிஐஏ வாய்மொழியாகச் சொல்லியிருப்பதாக அந்தக் குறிப்பே பதிவு செய்கிறது. அந்த ஆகஸ்டில் அபு ஜுபைதாவுக்கு வாட்டர்போர்டிங் நடந்தது குறைந்தது 83 முறை. அமெரிக்க செனட் உளவுக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கத்தில் ஆகஸ்ட் 4 முதல் 23 வரைக்கான கணக்கு இருக்கிறது. சவப்பெட்டி அளவுப் பெட்டியில் மொத்தம் 266 மணி நேரம். 21 அங்குல அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள சின்னப் பெட்டியில் 29 மணி நேரம். உங்கள் வீட்டு வாஷிங்மெஷினைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதைவிடக் குள்ளம்.

4 ஜூன்

"வக்கீல் சொல்கிற கருத்தைக் குற்றமாக்க முடியாது" என்று நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் எழுதிக் கொடுக்கும் பேனல் வக்கீல் நான். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து "டைட்டில் சரியாக இருக்கிறது, அடமானம் வாங்கலாம்" என்று கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போகும்.

எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த தீர்ப்பு ஒன்று: சிபிஐ எதிர் கே. நாராயண ராவ், உச்ச நீதிமன்றம், 2012. எழுதியவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் நீதிபதி சதாசிவம். ஹைதராபாத்தில் ஒரு பேனல் வக்கீல் வீட்டுக்கடன்களுக்குக் கொடுத்த கருத்து தவறாகப் போய்விட்டது, சிபிஐ அவரையும் சதியில் சேர்த்தது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. கருத்து தவறு என்பதாலேயே கருத்துச் சொன்னவர் குற்றவாளி ஆகமாட்டார், கவனக்குறைவு என்றால் தொழில் ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறது, ஏமாற்றும் திட்டத்தில் அவரே பங்காளி என்று காட்டினால்தான் குற்றவழக்கு. அந்தத் தீர்ப்பால் நிம்மதியாகத் தூங்குகிறவர்களில் நானும் ஒருவன். அதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் தீர்ப்பே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, பங்காளி என்ற வாசலை. பங்காளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் அனுபவத்தில் இது கருத்தைப் படித்தால் தெரியாது. கருத்து எப்போது, யார் கேட்டு, எந்தப் பத்தி சேர்ந்து, எந்தப் பத்தி போய், இன்றைய வடிவத்துக்கு வந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

ஒரு தடவை ஒரு கிளை மேலாளர் போன் செய்தார். "சார், அந்த வாரிசுச் சான்று பத்தியை மட்டும் எடுத்துட்டு ஃப்ரெஷ்ஷா ஒண்ணு குடுத்துடுங்க. மத்ததெல்லாம் ஓகே." இறந்துபோன அண்ணனுடைய மகள் ஒருத்தி கையெழுத்துப் போடவில்லை, அதைத்தான் அந்தப் பத்தி சொன்னது. நான் எடுக்கவில்லை. ஃபைல் வேறு வக்கீலிடம் போனது, கடன் கிடைத்தது. அவர் கொடுத்த கருத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குப் போகும்போதே எந்தப் பத்தி வரக்கூடாது என்பது முடிவாகிவிட்டது. அந்தப் பெண்ணின் பங்கைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை என்றால், அதை "கருத்து வேறுபாடு" என்று சொல்வீர்களா?

5 ஜூன்

சரி, இப்போது அந்த அளவுகோலை யூ மேல் வைத்துப் பார்ப்போம்.

நீதித்துறையின் உள்விசாரணைப் பிரிவு ஐந்து வருடம் போலத் துருவி ஓர் அறிக்கை எழுதியது. 2010 பிப்ரவரியில் வெளியானது. அதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் 2002 ஜூலை பற்றிய பக்கங்கள். சிஐஏ முதலில் கேட்டது சட்டக் கருத்து அல்ல, முன்கூட்டியே ஓர் உறுதிமொழி: "இதைச் செய்தால் எங்கள் ஆட்கள் மேல் வழக்குப் போடமாட்டோம்" என்று. அப்போது குற்றவியல் பிரிவின் தலைவர் மைக்கேல் செர்ட்டாஃப். செய்யப்போகிற குற்றத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பா, முடியாது என்றார்.

அதற்கு அப்புறம்தான் குறிப்பின் வரைவில் இரண்டு புதுப் பகுதிகள் முளைக்கின்றன. ஒன்று, ராணுவத் தலைமைத் தளபதி என்ற முறையில் குடியரசுத் தலைவர் உத்தரவிட்டால் சித்திரவதைத் தடைச் சட்டமே குறுக்கே வரமுடியாது என்பது. இன்னொன்று, வழக்கு வந்தால் விசாரணையாளர் அவசியத்தையும் தற்காப்பையும் சொல்லித் தப்பிக்கலாம் என்பது. அதே அலுவலகத்தில் இருந்த பாட்ரிக் ஃபில்பின், இந்தத் தளபதிப் பகுதி தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள் என்று யூவிடம் சொன்னார். அவர்களுக்கு அது வேண்டுமாம் என்று பதில் வந்தது.

அந்தக் கிளை மேலாளர் பத்தியை எடுக்கச் சொன்னார். இங்கே பத்தியைச் சேர்க்கச் சொன்னார்கள். வாசல் முன்பக்கம் மூடியதும் பின்பக்கமாகத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். செர்ட்டாஃப் கொடுக்க மறுத்த பாதுகாப்பு, சட்ட விளக்கம் என்ற பெயரில் கொடுக்கப்பட்டது. இந்தக் காலவரிசை ஒன்று போதும், இதைச் சாதாரணக் கருத்து என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

5 ஜூன், சற்றுப் பிறகு

சேர்த்ததைச் சொன்னேன், விட்டதையும் சொல்கிறேன். டெக்சஸ் மாநிலம் சான் ஹசின்டோ கவுண்டியில் ஒரு ஷெரிஃபும் (அந்த வட்டாரக் காவல் தலைவர்) அவருடைய ஆட்களும் கைதிகளைக் கட்டிப்போட்டு முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி வாக்குமூலம் வாங்கினார்கள். அமெரிக்க நீதித்துறையே வழக்குப் போட்டது, 1983ல் தண்டனை வாங்கிக் கொடுத்தது, மேல்முறையீட்டுத் தீர்ப்பு 1984ல் வந்தது. அந்தத் தீர்ப்பு அந்தச் செயலை வெளிப்படையாகவே சித்திரவதை என்கிறது. 2002 குறிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போர்க்காலத்தில் குடியரசுத் தலைவரின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட 1952ம் வருட யங்ஸ்டவுன் தீர்ப்பும் கிடையாது. அது அங்கே சட்டக் கல்லூரி மாணவன்கூடத் தவறவிடாத தீர்ப்பு. எதிராளிக்கு உதவும் தீர்ப்பை மறைத்தால் நம் ஊர் நீதிமன்றத்திலேயே நீதிபதி சும்மா விடமாட்டார். இந்தக் குறிப்புக்கு எதிராளி வக்கீல் கிடையாது, நீதிபதியும் கிடையாது, ரகசிய முத்திரை போட்டது. அப்படிப்பட்ட இடத்தில் எதிர்த்தரப்பையும் எழுதிக்காட்டும் கடமை இரண்டு மடங்கு.

7 ஜூன்

"செப்டம்பர் 11க்குப் பிறகு இருந்த பயத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்" என்கிறார் ஒருவர். மறக்கவில்லை. மூவாயிரம் பேர் செத்த பிறகு அடுத்த தாக்குதல் எப்போது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அந்த அழுத்தம் உண்மை.

அதே அழுத்தத்தில், அதே அரசாங்கத்தில் இருந்த மற்ற வக்கீல்களைப் பாருங்கள். வெளியுறவுத் துறை சட்ட ஆலோசகர் வில்லியம் டாஃப்ட் 2002 ஜனவரியிலேயே, போரில் பிடிபட்டவர்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளை ஒதுக்குவது தவறு என்று எழுதினார். கடற்படை வழக்கறிஞர் அல்பர்ட்டோ மோரா கியூபாவில் உள்ள குவாண்டனாமோ ராணுவச் சிறையில் நடப்பது தெரிந்ததும் ராணுவத் தலைமையகமான பென்டகனில் கதவு கதவாகத் தட்டினார். 2003 அக்டோபரில் பைபீயின் நாற்காலிக்கு வந்த ஜாக் கோல்ட்ஸ்மித் வலதுசாரி, யூவின் நண்பர். அவர் முதல் குறிப்பைப் படித்துவிட்டு 2004 ஜூனில் திரும்பப் பெற்றார். தன் அலுவலகத்தின் கருத்தைத் தன் கட்சி ஆட்சியிலேயே திரும்பப் பெறுவது சாதாரணக் காரியம் இல்லை. பயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, குறிப்பு பொதுவாக இல்லை.

8 ஜூன்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூரம்பெர்க் விசாரணையில் ஹிட்லரின் வக்கீல்களைத் தூக்கில் போட்டார்கள் என்று மேலே ஒரு பதிவு. இல்லை. 1947ல் நடந்த நீதிபதிகள் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 16 பேர், தண்டனை பெற்றவர்கள் 10 பேர், ஒருவரையும் தூக்கிலிடவில்லை. நீதி அமைச்சகத்தில் இருந்த ஷ்லெகெல்பெர்கருக்கு ஆயுள் தண்டனை, சில வருடங்களிலேயே வெளியே வந்துவிட்டார். கொலைகாரனின் கத்தி நீதிமானின் அங்கிக்குள் ஒளிந்திருந்தது என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி வரும்.

ஆனால் இந்த வழக்கை யூ மேல் அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. அவர்கள் சட்டம் இயற்றினார்கள், நீதிமன்றம் நடத்தினார்கள், மரண தண்டனை விதித்தார்கள். இங்கே நடந்தது உள்ளுக்குள் ஆலோசனை. நியூரம்பெர்க் சொல்வது ஒன்றே ஒன்று: நான் வெறும் சட்டக்காரன் என்பது தன்னளவில் ஒரு தற்காப்பு ஆகாது. அதற்கு மேல் அதிலிருந்து பிழிய வேண்டாம்.

11 ஜூன்

உள்விசாரணை அறிக்கை என்ன ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை.

யூ செய்தது வேண்டுமென்றே செய்த தொழில் முறைகேடு, பைபீ செய்தது கடமையைப் பொருட்படுத்தாத முறைகேடு என்று அந்த அறிக்கை முடித்தது. இருவரின் பெயரையும் அவர்கள் பதிவு பெற்ற வழக்கறிஞர் அமைப்புகளுக்கு அனுப்பப் பரிந்துரைத்தது. ஒரு கிராமத்தையே அழிக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவர் உத்தரவிடலாமா என்று விசாரணையில் கேட்டபோது யூ ஆமாம் என்றாராம், அதுவும் அறிக்கையில் இருக்கிறது. அவருடைய மின்னஞ்சல்களில் பெரும்பகுதி அழிந்துபோய் மீட்க முடியாமல் போனதும் இருக்கிறது. யார் என்ன கேட்டு எந்தப் பத்தி வந்தது என்பது அவற்றில் அல்லவா இருந்திருக்கும்!

அறிக்கை வெளியாவதற்கு முன்பே, 2010 ஜனவரியில், துறையின் மூத்த அதிகாரி டேவிட் மார்கோலிஸ் இந்த முடிவை நிராகரித்தார். முறைகேடு இல்லை, மோசமான கணிப்பு, அவ்வளவுதான் என்றார். மீறப்பட்ட விதி எது என்பதே தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்பது அவருடைய முக்கிய வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன், விதியைப் பிறகு எழுதி ஆளை முன்பு பிடிப்பது முறையல்ல. யூவின் சித்தாந்தப் பற்று அவர் கண்ணை மறைத்துவிட்டதாக அஞ்சுகிறேன் என்று அவரே எழுதுகிறார். இவ்வளவு எழுதியவர், வழக்கறிஞர் அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று கோப்பை அனுப்பியாவது இருக்கலாம். அதையும் செய்யவில்லை.

12 ஜூன்

பைபீக்கு 2003 மார்ச்சில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிப் பதவியை செனட் உறுதிசெய்தது. அவர் கையெழுத்துப் போட்ட குறிப்பு உலகத்துக்குத் தெரிந்தது 2004 ஜூனில்.

15 ஜூன்

நஷ்டஈட்டு வழக்கு முயற்சியும் நடந்தது. ஹோசே படீயா என்ற அமெரிக்கக் குடிமகன், 2002 மே மாதம் சிகாகோ விமான நிலையத்தில் கைதாகி, பிறகு தென் கரோலினாவில் கடற்படைச் சிறையில் மூன்றரை வருடத்துக்கு மேல் தனிமையில் வைக்கப்பட்டவர். இதற்கு வழி செய்தது யூ எழுதிய சட்டக் கருத்துகள்தான் என்று அவரும் அவர் தாயும் யூ மேல் வழக்குப் போட்டார்கள். கேட்ட தொகை ஒரு டாலர். நடந்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் வாயால் சொன்னால் போதும் என்றுதான் போனார்கள். சான்பிரான்சிஸ்கோவில் நீதிபதி ஜெஃப்ரி வைட் 2009ல் வழக்கை நடத்த அனுமதித்தார். 2012 மே மாதம் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் (பைபீ நீதிபதியாக இருந்த அதே நீதிமன்றம், ஆனால் அவர் அந்த அமர்வில் இல்லை) அதை ரத்து செய்தது. 2001 முதல் 2003 வரை அப்படி நடத்துவது சித்திரவதை என்று ஐயமறத் தெளிவாகியிருக்கவில்லை, அதனால் இந்த வழக்கிலிருந்து யூவுக்கு விலக்கு உண்டு என்றது.

ஏன் தெளிவாகியிருக்கவில்லை? அதைக் குழப்பும் வேலையைச் செய்தவர்களில் ஒருவர்தானே எதிர்மனுதாரர்! 1984ம் வருட டெக்சஸ் தீர்ப்பைக் குறிப்பில் எழுதியிருந்தால் தெளிவாக இருந்திருக்கும்.

16 ஜூன்

நேற்று எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். யூவையும் பைபீயையும் மட்டும் பிடித்துக்கொண்டு நாம் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறோம்.

2002ல் எழுதியவர்களுக்கு ஒரு சாக்கு உண்டு: சிஐஏ சொன்ன விவரங்களை நம்பி எழுதினோம், அவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சாக்குதான், இருந்தாலும் ஒரு சாக்கு. 2005 மே மாதம் அதே அலுவலகத்தில் ஸ்டீவன் பிராட்பரி எழுதிய குறிப்புகளுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அபு ஜுபைதாவுக்கு 83 முறை, செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் எனப்படும் காலித் ஷேக் முகமதுவுக்கு 183 முறை என்ற கணக்கு அவருடைய குறிப்பிலேயே வருகிறது. 2009 ஏப்ரலில் அந்தக் குறிப்புகள் வெளியானபோதுதான் உலகம் அந்த எண்களைப் பார்த்தது. அதிகம் திரும்பச் செய்யமாட்டோம் என்று சொன்னது பொய்யாகிப்போனதை மேசையில் வைத்துக்கொண்டே அவர் மறுபடி அனுமதி எழுதினார். தூங்கவிடாமல் வைப்பதற்கு 180 மணி நேரம் வரை. எப்படி? நிற்கவைத்துக் கையைச் சங்கிலியில் பிணைத்து, கழிப்பறைக்கு விடாமல் டயப்பர் கட்டி. எல்லாம் அந்தக் குறிப்பில் அச்சாகியிருக்கிறது.

உள்விசாரணை அவர் மேல் முறைகேடு என்று முடிவு செய்யவில்லை. 2017ல் போக்குவரத்துத் துறையின் தலைமை வழக்கறிஞர் ஆனார். யூ அளவுக்கு முரட்டுத்தனமாக எழுதவில்லை என்பதாலோ என்னவோ அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை. பங்காளி என்ற என் அளவுகோலில் அவருடைய குறிப்பு யூவினுடையதைவிட மோசம்.

19 ஜூன்

"இது ஒருவர் மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளும் வட்டம்" என்று ஒருவர் சொன்னது சரியான பிடி. விசாரணை செய்தவர் வக்கீலை நம்பினேன் என்கிறார். வக்கீல் விசாரணைக்காரர் சொன்ன விவரத்தை நம்பினேன் என்கிறார். 2005ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு, நல்லெண்ணத்தோடு வக்கீல் கருத்தை நம்பினேன் என்பதை ஒரு தற்காப்பாகவே வைத்துக் கொடுத்தது. 2009ல் நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் அந்தக் குறிப்புகளுக்கு உட்பட்டு நடந்தவர்கள் மேல் வழக்கு இல்லை என்றார். ஜான் டர்ஹாம் நடத்திய விசாரணை ஆப்கானிஸ்தான் ரகசியச் சிறையில் செத்த குல் ரஹ்மான், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் செத்த மனாதல் அல் ஜமாதி இருவர் வழக்கோடு சுருங்கி, 2012 ஆகஸ்டில் ஒருவர் மேலும் குற்றச்சாட்டு இல்லாமல் மூடப்பட்டது.

அடித்தவரைக் காப்பாற்றுவது கருத்து என்றால், அந்தக் கருத்து ஒரு ஆயுதம் மாதிரி வேலை செய்கிறது. அப்போது அதை எழுதியவரைக் காப்பாற்ற, அது வெறும் கருத்துதானே என்று சொல்லக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

20 ஜூன்

சிறைத்தண்டனை வேண்டும் என்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டிருக்கிறார் ஒருவர். ஆரம்பத்தில் என் மனசு அந்தப் பக்கம்தான் இருந்தது. எழுத எழுத வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. குற்றவழக்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், அழிந்த மின்னஞ்சல்களோடு அது நடக்காது. அப்படி ஒரு வழக்கில் விடுதலை ஆனால் அதையே நற்சான்றாக மாட்டிக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது தொழில் ஒழுங்கு விசாரணை, அதுவும் வெளிப்படையாக. எதிரான தீர்ப்பை ஏன் விட்டாய், இந்தப் பத்தி எந்தத் தேதியில் யார் கேட்டு வந்தது என்று சக வக்கீல்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். உரிமம் போக வேண்டும். நீதிபதிப் பதவிக்கும் துறைத் தலைமைக்கும் அப்படிப்பட்டவர் பெயர் போகும்போது அந்தப் பதிவு கூடவே போக வேண்டும். நாராயண ராவ் தீர்ப்பு எனக்குத் தரும் பாதுகாப்புக்கும் இதற்கும் ஒரு முரணும் இல்லை, அந்தத் தீர்ப்பே ஒழுங்கு நடவடிக்கையைத் தனியாக விட்டுவைத்திருக்கிறது.

26 ஜூன்

அபு ஜுபைதா இப்போது எங்கே என்று கேட்டவருக்கு: குவாண்டனாமோவில். இதுவரை அவர் மேல் ஒரு குற்றச்சாட்டுகூடப் பதிவாகவில்லை. அல் காயிதாவின் மூன்றாவது அல்லது நான்காவது ஆள் என்று 2002 குறிப்பு அவரைச் சொன்னது. அவர் விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் அரசாங்கம் அந்த நிலையை விட்டுவிட்டது.

சிஐஏவின் ரகசியச் சிறைக்கு இடம் கொடுத்ததற்காக போலந்து மேல் 2014லும் லித்துவேனியா மேல் 2018லும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. லித்துவேனியா 2022ல் ஒரு லட்சம் யூரோவை அவருக்காகக் கட்டியது. அனுமதி எழுதிக் கொடுத்த வாஷிங்டன் அலுவலகத்தை இன்றுவரை எந்த நீதிமன்றமும் ஒரு டாலர்கூடக் கட்டச் சொன்னதில்லை.